நன்னீரில் நுரை எழாது

தலைமை இருக்கைக்குத் தகுதி தரும் சங்கத் தலைவர் பெரியவர் பத்ரிநாத் அவர்களே! கட்கி தொழிற்சாலையில் இரும்போடு உழைத்து இரும்பாகவே நிற்கும் மூத்தவர்களே! உலை இறக்கிய கையோடு ஓடிவந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! பாதி புரிந்தும் பாதி புரியாமலும் பின்வரிசையில் கைப்பேசியோடு அமர்ந்திருக்கும் பேரப்பிள்ளைகளே! ஓராண்டுக்கு முன் நம்மைப் பிரிந்து, இன்று படமாகிச் சிரிக்கும் நண்பர் ஸ்டீபனின் துணைவியார், தங்கை ஆரோக்கியமேரி அவர்களே! அனைவரையும் கைகூப்பி வணங்குகிறேன்.

படத்திறப்பு விழாவில் மறைந்தவரின் பெருமையைப் பேசுவது மரபு. நானோ என் பிழையைப் பேச வந்திருக்கிறேன். தங்கையிடம் அனுமதி கேட்டேன். "சொல்லுங்க சார், நாலு பேருக்குத் தெரியட்டும்" என்றார்.

கசார்வாடி வீட்டில் ஸ்டீபன் விட்டுச்சென்றது ஒரு கண்ணாடித் தொட்டி. அதில் ஆறு தங்கமீன்கள். பெரிய மீனுக்கு 'ஃபோர்மேன்' என்று பெயர் வைத்திருந்தார். ஏன் தெரியுமா? தானொரு வேலையும் செய்யாமல், மற்ற மீன்கள் என்ன செய்கின்றன என்று பார்த்தபடியே சுற்றுமாம்! சிரிக்கிறீர்கள். அவரும் இப்படித்தான் சிரிப்பார்.

வாரம் ஒருமுறை தொட்டியில் கால்வாசித் தண்ணீரை எடுத்துவிட்டுப் புதுத்தண்ணீர் ஊற்ற வேண்டும். தங்கைக்குத் தோள்வலி, தண்ணீர்ப் பால்ட்டி தூக்க முடியாது. ஆகவே ஞாயிறுதோறும் காலை பத்து மணிக்கு நானும் நண்பர் தங்கராஜும் போவோம். தங்கராஜ் ஊற்றத் தொடங்கினால் தங்கை குரல் கொடுப்பார்:

"அண்ணாச்சி, பாத்து ஊத்துங்க. போன வாரம் அடுக்களை வரைக்கும் பவனா நதி ஓடிச்சு!"

"ஓடட்டும்மா. குழாயிலதான் வரல, தரையிலயாவது வரட்டுமே!"

வேலை பத்து நிமிடம். அதன் பிறகு தேநீரும் ஸ்டீபன் பேச்சும் இரண்டு மணி நேரம்.

அப்போதுதான் விமான் நகரில் கடல்மீன் வளர்க்கும் என் அக்காள் மகன் அபினவ், தன்னிடம் உபரியாக இருந்த ஒரு கருவியைக் காட்டினான். புரோட்டீன் ஸ்கிம்மர் என்று பெயர். தண்ணீருக்குள் நுண்ணிய குமிழிகளை அனுப்பும். கழிவு குமிழியில் ஒட்டி, நுரையாய் மேலேறி, ஒரு குவளையில் வழியும். "மாமா, இது கடல் தண்ணிக்கு..." என்று தொடங்கினான். "போடா, முப்பது வருஷம் சயன்ஸ் எடுத்தவனுக்கே பாடமா?" என்று வாங்கி வந்துவிட்டேன். மாணவன் கை தூக்கினால் கேட்க வேண்டும் என்று ஊருக்கெல்லாம் சொன்ன ஆசிரியன் நான்!

மாட்டினோம். அடுத்த வாரம் தொலைபேசியில் கேட்டேன்.

"குவளையில என்னம்மா இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார், காலியாத்தான் இருக்கு."

"அப்போ தண்ணி சுத்தம்! இனிமே மாத்தவே வேண்டாம்."

"அப்போ நீங்க..." என்று இழுத்தார். அந்த இழுவையையும் நான் கேட்கவில்லை.

பதினோரு ஞாயிறுகள் நாங்கள் போகவில்லை. மீன்கள் ஒவ்வொன்றாய்ச் செத்தன. கடைசியாக ஃபோர்மேனும் மிதந்தது. மீன்கடை முகமது ரஃபீக் அந்தக் கருவியைப் பார்த்துத் தலையில் கைவைத்தார். "அரே மாஸ்டர்ஜி, யே தோ காரே பானி கா ஹை!" உப்புத் தண்ணீருக்கானதாம்! உப்பு நீரில் குமிழிகள் சின்னஞ்சிறிதாய், ஒன்றோடொன்று சேராமல் நிற்கும்; நுரை எழும். நம் குழாய்த் தண்ணீரிலோ அவை பெருத்து உடைந்துவிடும். அழுக்கு உள்ளேயே தங்கும். என்னப்பா? இந்திராயணி ஆற்றில் நுரை வருகிறதே என்கிறாயா? அது கழிவு கலந்த நுரை; வேறு துயரம், தம்பி. அதற்குத் தனிக்கூட்டம் போட வேண்டும். இந்தத் தொட்டியில் நுரை எழவில்லை. குவளை காலியாக இருந்தது அழுக்கு இல்லாததால் அல்ல. அழுக்கு மேலே வர வழியில்லாததால்!

மன்னிப்புக் கேட்கப் போனேன். தங்கை சொன்னார்: "மீனை விடுங்க சார். நாலு ஞாயித்துக்கிழமை உங்களுக்கும் சேத்து டீ போட்டேன். ஆறிப்போய்க் கொட்டினேன். அப்புறம் போடறதை நிறுத்திட்டேன்."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேம்மா?"

"தண்ணி மாத்த வேண்டாம்னு நீங்கதானே சொன்னீங்க. வேற என்ன சொல்லிக் கூப்பிடுவேன்?"

சொல்லிவிட்டு அழுதார். கணவரை அடக்கம் செய்த அன்றும் அழாதவர், அன்று அழுதார்.

பெரியோர்களே! இந்த ஓராண்டாய் நாம் என்ன பேசினோம்? 'ஆரோக்கியமேரி தைரியசாலி, ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, தேறிவிட்டார்' என்றோமா இல்லையா? குவளை காலி, தண்ணீர் சுத்தம் என்றேன் நான். கண் காய்ந்திருக்கிறது, நெஞ்சு ஆறிவிட்டது என்றோம் நாம். எந்தக் கண்ணைப் பார்த்து எந்த நெஞ்சை அளந்தோம்? வாய்விட்டுச் சொல்லாத வலி வலியில்லையா? வாசலுக்கு வராத வேதனை வேதனையில்லையா? தெளிந்த தண்ணீருக்குள்ளேதான் ஆறு உயிர்களும் மூச்சுத் திணறின! கருவி பார்த்துக்கொள்ளும் என்று விட்டுவிட்டால், நாம் எதற்கு? இந்தச் சங்கம் எதற்கு?

இன்று அந்தத் தொட்டியில் மீன் இல்லை. மாற்றுவதற்குத் தண்ணீர் இல்லை. அந்த வீட்டுக்குப் போக எங்களுக்கு ஒரு சாக்கும் இல்லை. நாளை ஞாயிறு. காலை பத்து மணிக்கு, பால்ட்டி தூக்காத வெறுங்கையோடு, நானும் தங்கராஜும் அந்தக் கதவைத் தட்டுவோம். என்ன வேலையாக வந்தீர்கள் என்று தங்கை கேட்டால், ஒரு வேலையும் இல்லை என்போம்.

பிழையைச் சொல்லவும் மேடை தந்த பெருமக்களுக்கு என் நன்றி. தங்கையே, நாளைக்கு எங்களுக்கும் சேர்த்துத் தேநீர் போடுங்கள். ஆறவிட மாட்டோம். வணக்கம்.