காந்தி காசுக்கு மூணாந்தரமா?

...இல்ல பாய், மொதல்ல அந்தத் தராச ஓரமா வைங்க. என் பேச்சக் கேளுங்க. மூணாந்தரமாம்! யாரு கடையில வாங்குன காசு? போடியில பழைய காசுன்னா சவுகத் அலி பாய் கடைன்னு ஊரே சொல்லுது. யாரு பாத்து வாங்குனது? இந்த மலைச்சாமி! இருபது வருசமா ஏலக்காய் ஸ்டோர்ல தரம் பிரிக்கிறவன். கண்ணக் கட்டிவிட்டாலும் பருவெட்டுக் காய் எது, பொடிக்காய் எதுன்னு தடவிச் சொல்லுவேன். அவனுக்கு மூணாந்தரக் காசு!

அன்னைக்கு இதே எடத்துலதான நின்னேன்? வெயிலு இந்தப் பக்கம் அடிச்சுச்சு. பத்து ரூவா வெள்ளி, காந்தி நூற்றாண்டுக்குப் போட்டது, பத்து வருசம் ஆகப்போகுதுன்னீக. ஓரத்துல பிடி, மொகத்துல வெரல் படக்கூடாதுன்னீக. பிடிச்சனா இல்லியா? மேடான எடந்தான் மொதல்ல தேயும்னீக. காந்தி காதப் பாத்தேன், கன்னத்தப் பாத்தேன், தேயல. திருப்பி சிங்கத்தப் பாத்தேன், மசுரு மசுரா நிக்கிது. விளிம்புல ஒரு பல்லு மழுங்கல. லேசாச் சாச்சா வெளிச்சம் சக்கரமாச் சுத்துச்சு. 'இது புழங்காத காசு, மொதத்தரம்'னீக. வாங்குனேன். பெறகு எப்படி மூணாந்தரமாச்சு? வழியில தரம் எறங்கிப் போச்சா?

சிரிக்காதீக பாய்.

டீ வேணாம்... சரி, கொண்டாரச் சொல்லுங்க. சீனி கம்மியா. தேவாரம் ஊர்ல என் மச்சினன் தோட்டத்துல யான எறங்கி வாழ மரம் பூராம் மிதிச்சிருச்சு. ஆறுதல் சொல்லப் போனேன். நாந்தான் இந்தக் காசப் பத்திப் பொலம்பிக்கிட்டு இருந்தேன், அவன் எனக்கு ஆறுதல் சொல்றான்!

காசோட போற விசயம்னா உங்க சோலியக் கெடுப்பனா? என் மக வேலுத்தாயி, தெரியும்ல, டீச்சர் டிரெய்னிங் முடிச்சவ. மதுரைச் சம்பந்தம். பையனுக்கும் பிடிச்சுப் போச்சு, இவளுக்கும் பிடிச்சுப் போச்சு. பையனோட அப்பா சின்னமுத்து, மில்லு ஆபீஸ்ல இருந்து ரிட்டயரானவரு. பீரோ பூராம் பழைய காசு. நக கேக்கல, சீரு கேக்கல. 'இந்தக் காந்தி காசு ஒண்ணுதான் எங்கிட்ட நல்லதா இல்ல, கெடைச்சாக் கொண்டாங்க'ன்னாரு. அம்புட்டுத்தான்! எந்தத் தகப்பனுக்கு இப்படிச் சம்பந்தி வாய்க்கும்?

கொண்டு போனேன். பூதக்கண்ணாடிய எடுத்தாரு. பாத்தாரு... பாத்தாரு... பொண்ணக்கூட அம்புட்டு நேரம் பாக்கல பாய். பூராம் கீறலுன்னாரு. மினுப்பு போச்சு, மூணாந்தரம்னாரு. அதோட விட்டாரா? 'ஒரு காசப் பத்திரமா வச்சுக்கத் தெரியாத வீட்ல...'ன்னு இழுத்துக்கிட்டே உள்ள போயிட்டாரு. வெள்ளிக்கெழம வாங்க, ஒரு முடிவு சொல்றேன்னு ஆள் விட்டுருக்காரு. வேலுத்தாயி சோத்துத் தட்டுல கை வைக்க மாட்டேங்குறா.

அதான் கேக்குறேன். நீங்க தாள்ல மடிக்கையில வேற காச வச்சுட்டீகளா? கோவப்படாதீக! கேட்டேன், அம்புட்டுத்தான். நான் என்ன கண்ட எடத்துலயா போட்டு வச்சிருந்தேன்? பொறுப்பா ஸ்டோருக்குக் கொண்டு போனேன். சம்பந்திக்குக் குடுக்குறத வாங்குனபடிக்கே குடுத்தா மருவாதியா? உலர்ந்த காய என்ன செய்வோம்? சூட்டோட சாக்குல போட்டுத் தேய்ப்போம். காம்பும் காஞ்ச பூவும் உதுந்து காய் மினுங்கும்ல? அது மாதிரிதான் ஒரு தேய்ப்பு. ரெண்டு பக்கமும். கை வலிக்க வலிக்க. கண்ணாடி மாதிரி ஆயிருச்சு பாய்! அப்படித் தேய்ச்சா ஏலக்காய்க்குத் தரம் ஏறுது, காசுக்கு மட்டும் எப்படி எறங்கும்?

...என்ன பாய், தலையில கை வச்சுட்டீக?

இன்னொண்ணு இருக்கா? அட! அத மொதல்லயே சொல்றதுக்கென்ன? ஆமா, அதே காந்தி, அதே மினுப்பு. குடுங்க.

எங்கையில குடுக்க மாட்டீகளா? பெறகு? குருவம்மாகிட்டயா? என் பொஞ்சாதி கையிலதான் குடுப்பீகளா? சரி, அவள வெரசா வரச் சொல்றேன். அவளே மதுரைக்குக் கொண்டு போகட்டும். நான் தொடல. பஸ்சுல பக்கத்துல உக்காந்து மட்டும் வர்றேன்.

...வேற பஸ்சுலயா?