தோற்றவன் போடும் கோடு

ஐம்பது வயது தாண்டிய ஆண்பிள்ளைகள் என் கடைக்குள் வந்ததும் முதலில் செய்வது முகர்ந்து பார்ப்பதுதான், மேடம். ஐஸ் ஹாக்கி வீரர் படம் போட்ட பழைய அட்டை ஒன்றை எடுத்து மூக்கருகே வைத்துக்கொள்வார்கள். அந்தக் காலத்தில் அட்டைப் பொட்டலத்தோடு ஒரு பபிள்கம் துண்டும் வரும். பலகை மாதிரி இருக்கும், மெல்லவும் முடியாது, துப்பவும் மனசு வராது. அதன் வாசனை இன்னும் அட்டையில் இருக்கிறதாம். ஒன்றும் இருக்காது. அலமாரிப் புழுக்க வாடையும் வேறெவனோ ஒருவனின் விரல் அழுக்கும்தான் இருக்கும். ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு நிற்பார்கள். நான் கையைக் கட்டிக்கொண்டு காத்திருப்பேன். கண்ணைத் திறந்த பிறகு என்ன விலை சொன்னாலும் கொடுப்பார்கள்.

எங்கள் ஊர்ப் பல் டாக்டர் ஒருவர் இருக்கிறார். நாள் முழுக்க அடுத்தவர்களை வாயைத் திறக்கச் சொல்கிறவர், ஒருநாள் என் கடையில் தன் வாயைத் திறந்து அழுதார். அவர் வெளியூருக்குப் படிக்கப் போனபோது அவருடைய அட்டைப் பெட்டியை அம்மா குப்பையில் போட்டுவிட்டாராம். அம்மா செத்தபோதுகூட இப்படி அழவில்லை என்று அவரே சொன்னார். எல்லா வீட்டிலும் அம்மாக்கள் அதைத்தான் செய்தார்கள். அப்படிச் செய்ததால்தான் மிஞ்சிய அட்டைகளுக்கு இன்று மதிப்பு. அந்தத் தாய்மார்கள் புண்ணியத்தில்தான் நான் சாப்பிடுகிறேன்.

நான் சேகரிப்பவன் இல்லை. இதை முதலிலேயே எழுதிக்கொள்ளுங்கள். என் வீட்டில் ஒரு அட்டைகூடக் கிடையாது. மளிகைக் கடைக்காரன் அரிசி மூட்டையைக் கட்டிக்கொண்டு தூங்குவதில்லை. வளர்ந்த மனிதன் தன் பால்யத்தைத் தேடிக் கடை கடையாக அலைவதைப் போல அசிங்கம் வேறு இல்லை என்பது என் கருத்து. அந்த அசிங்கத்தைப் பொறுத்துக்கொண்டு இத்தனை வருஷம் கடை நடத்தியிருக்கிறேன் என்றால், என் பொறுமையை நீங்களே தெரிந்துகொள்ளலாம்.

ரெமியைப் பற்றிக் கேட்டீர்கள். ரெமியும் நானும் ஒரே வகுப்பு. அவன் நிக்கல் சுரங்கத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். கதவு போல உடம்பு. மனைவி போய்விட்டாள், மகள் வீட்டோடு இருந்தான். சனிக்கிழமை காலை தவறாமல் டோனட் பெட்டியோடு என் கடைக்கு வருவான். எதுவும் வாங்கமாட்டான். வாடிக்கையாளர்களுக்கெல்லாம் டோனட் கொடுத்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு பழைய புகையிலை டப்பாவை எடுப்பான். உள்ளே தூண்டில் முள், ஈயக் குண்டு, மீன் செதில். அவற்றுக்கு நடுவே, உறையில்லாமல் வெறுமனே, அர்மான் வேயூ அட்டை.

அர்மான் வேயூ ஒரே ஒரு பருவம் ஆடிய கோல்கீப்பர். முழங்கால் போய் ஊருக்குத் திரும்பிவிட்டார். அதனால் அவருக்கு ஒரே ஒரு அட்டைதான் உண்டு. பச்சைப் பின்னணி, வலது பக்கம் பார்க்கிற முகம், மேலே மஞ்சள் பட்டை. ரெமி வைத்திருந்த அட்டையில் கீழ் இடது மூலை மட்டும் உள்பக்கமாக மடங்கியிருக்கும். அது செங்கல் சுவரில் பட்டதால் வந்தது. மற்ற மூன்று மூலைகளும் பிற்பாடு ரெமி செய்த சேதம். பின்பக்கத்து எண்ணெய்க் கறையும் அவன் செய்ததுதான். கடைக்காரன் கண்ணுக்கு இதெல்லாம் தானாகப் படும், வேறொன்றுமில்லை.

அந்தச் செங்கல் சுவர் எங்கள் பள்ளிக்கூடத்தின் பின்சுவர். மதிய இடைவேளையில் பையன்கள் நாங்கள் தரையில் போட்ட கோட்டில் நின்று ஆளுக்கொரு அட்டையைச் சுவரை நோக்கி எறிவோம். யார் அட்டை சுவருக்கு மிக அருகே விழுகிறதோ அவனுக்குத் தரையிலிருக்கும் எல்லாம் சொந்தம். எப்போதாவது, ஆயிரத்தில் ஒன்று, ஒரு அட்டை தரையில் விழாமல் சுவரில் சாய்ந்து நின்றுவிடும். அப்போது விதி மாறும். மற்றவர்கள் ஆளுக்கொரு முறை எறிந்து அதைச் சாய்க்கப் பார்ப்பார்கள். சாய்த்தவனுக்கு எல்லாம் போகும். யாராலும் முடியாவிட்டால் நிறுத்தியவனுக்கு. அடுத்த ஆட்டத்துக்குக் கோடு போடுவது தோற்றவன். அது அவன் உரிமை, எங்கே வேண்டுமானாலும் போடலாம், யாரும் மறுத்துப் பேசக்கூடாது.

என் அட்டை ஒருநாள் சாய்ந்து நின்றது. என்னிடம் இருந்ததே அந்த ஒரு வேயூதான். எல்லோரும் எறிந்து தவறினார்கள். கடைசியாக ரெமி எறிந்தான். அவ்வளவுதான் விஷயம். சாயங்காலமே நான் அதை மறந்துவிட்டேன். அதற்குப் பிறகு சுவர்ப் பக்கம் போகவில்லை, படிப்பில் கவனம் செலுத்தினேன்.

மறக்காதவன் ரெமி. சனிக்கிழமைதோறும் அதே கதை, கடை நிறைய ஆள் வைத்துக்கொண்டு.

"இந்தா பாருங்க, இது யாரு அட்டை தெரியுமா? இதோ கல்லாவுல உம்முன்னு உக்காந்திருக்காரே, இவரோடது. அன்னிக்கு இவன் மூஞ்சியப் பாத்திருக்கணும். தண்ணில விழுந்த பூனை கணக்கா."

"ரெமி, வாடிக்கையாளருக்கு வழி விடு."

"கோவம் வருது பாரு. டேய் எய்னோ, அழு டா ஒரு தடவ. அழுதா குடுத்துடறேன்."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். பிறகு அவன் தன் வலது கையைத் தூக்கிக் காட்டுவான். "இந்தக் கை எறிஞ்சா தவறாது. சுரங்கத்துல பாறையே பொளந்த கை." சொல்லிவிட்டு அதே கையால், சர்க்கரைப் பிசுக்கோடு, அட்டையின் மேல் பக்கத்தைப் பிடித்து டப்பாவில் போடுவான். ஒருமுறை நான் ஒரு பிளாஸ்டிக் உறையை நீட்டினேன். "மீனுக்குச் சட்டை போடுவாங்களாடா?" என்று கேட்டான். கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை. நான் உறையைத் திரும்ப எடுத்து வைத்துவிட்டேன்.

இந்த மார்ச் மாதம் ஒரு சனிக்கிழமை அவன் கதையை மாற்றிச் சொன்னான். அவன் பேத்தி எலோடிக்குச் சைக்கிள் வாங்கியிருக்கிறானாம்.

"பனி உருகினதும் ஓட்டக் குடுக்கணும். நம்ம செஞ்சோமே ஞாபகம் இருக்கா, சக்கரக் கம்பில அட்டையச் சொருகி, துணிக் கிளிப்பு மாட்டி? மோட்டார் மாதிரி படபடன்னு வரும். நம்ம வேயூவச் சொருகப் போறேன்."

"நூறு அட்டை சும்மா தரேன். விலை போகாததெல்லாம் அந்தக் குப்பைப் பெட்டில கிடக்கு, எடுத்துக்கோ."

"அதுல என்னடா ருசி? வேயூவும் எத்தனை நாள்தான் மீன் செதிலுக்குள்ள கிடப்பாரு? பாவம், கொஞ்சம் ஊர் சுத்தட்டும்."

ஒரு சக்கரக் கம்பி அட்டையை என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியாது, மேடம். ஒரே பிற்பகலில் அட்டை நாராகிவிடும். என் அட்டையா அது? அவன் பொருள், அவன் பேத்தி. அன்று மத்தியானம் அட்டை உறைகள் செய்யும் ஒரு நிறுவனத்துக்கு ஒரு உறை கேட்டுப் போன் செய்தேன். இது தற்செயல்.

மாதம் முடிவதற்குள், பனிக்கட்டி இளகுமுன், உறைந்த ஏரிமேல் நிற்கும் மீன்பிடிக் குடில்களைக் கரைக்கு இழுத்துவிட வேண்டும் என்பது சட்டம். ரெமிக்கு முழங்கால் வலி, இரண்டு வாரமாக ஏரிப் பக்கமே போகவில்லை. மற்றவர்களெல்லாம் குடில்களை எடுத்துவிட்டார்கள், அவனுடையது மட்டும் தனியாக நின்றது. ஒத்தாசைக்கு வருகிறாயா என்று கேட்டான். வருகிறேன் என்றேன். அங்கே ஒரு ஆட்டம் போடலாமே என்றும் சொன்னேன். அவனுக்கு முகமெல்லாம் பல்.

"அப்படி வாடா வழிக்கு. உன் கோடு ஒண்ணு பாக்கி இருக்குல்ல? தோத்துட்டு ஓடிப் போனவன்தானே நீ."

ஆமாம், பாக்கி இருந்தது. அவனே சொன்னான், நான் நினைவுபடுத்தவில்லை.

ஞாயிறு காலை போனோம். முந்தின நாள் கொஞ்சம் பனி பெய்து ஏரி முழுவதும் ஒரே வெள்ளையாக இருந்தது. ரெமி டப்பாவைத் திறந்து வேயூவை என்னிடம் கொடுத்தான். "நம்ம வயசுக்கு எறிஞ்சு நிறுத்த முடியாது. நீயே சாய்ச்சு வை. நான் தவறினா உனக்கு. விழுத்தாட்டினா எலோடிக்கு." ஐம்பத்தைந்து வருஷத்துக்குப் பிறகு அட்டை என் கைக்கு வந்தது. நான் நினைத்ததைவிட லேசாக இருந்தது. குடிலின் பலகைச் சுவரில் அதைச் சாய்த்து வைத்தேன். பிறகு கோடு போட்டேன்.

சுவரோரம் நான் இருந்த இடத்திலிருந்து, கோடு போடக் கொண்டுபோயிருந்த ஹாக்கி மட்டையை நீட்டித்தான் போட்டேன். ரெமி சிரித்தான். "நாலு எட்டு நடக்கக்கூட சோம்பேறித்தனமா கிழவா?" என்றான். நடந்துபோய்க் கோட்டில் நின்றான். என் கடைக் குப்பைப் பெட்டியிலிருந்து எடுத்து வந்த ஒரு அட்டையைக் கையில் எடுத்தான். இடது கையில் எடுத்தான். அவன் வலது கைக்காரன். என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினான். ஏன் இடது கை என்று நான் அப்போது யோசிக்கவில்லை. இப்போதும் யோசிக்க விரும்பவில்லை.

மார்ச் மாதக் கடைசியில் ஏரி யாரையும் தாங்கும் என்று சொல்ல முடியாது. இதைத்தான் முதலில் உங்களிடம் சொன்னேன். நீங்களும் தலையாட்டினீர்கள். பனிக்கட்டியின் உடைந்த விளிம்பு வளைவு வளைவாக இருந்ததென்று உங்கள் போலீஸ் ஆட்கள் சொன்ன பிறகுதான் தலையாட்டுவதை நிறுத்தினீர்கள். சரி. வெள்ளிக்கிழமை மாலை நான்தான் போய், கோடு விழப்போகிற இடத்தில், பனிக்கட்டியைத் துளைக்கும் திருகுக் கருவியால் ஒன்றை ஒன்று தொடுகிற மாதிரி வட்டமாகத் துளைகள் போட்டேன். குளிரில் துளைகள்மேல் மெல்லிய பனிக்கட்டி ஆடை படிந்துவிடும், என்னைப் போன்ற ஒல்லியான ஆளையே அதிக நேரம் தாங்காது. அதன்மேல் பனியைத் தள்ளி மூடினேன். மிச்சத்தைச் சனிக்கிழமைப் பனி பார்த்துக்கொண்டது. கஷ்டமான வேலை, என் வயதுக்கு அதிகம்.

ரெமி தண்ணீரிலிருந்து என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டான். கொஞ்ச நேரம் கழித்துப் பெயர் இல்லாமல் கூப்பிட்டான். என் கையில் மட்டை இருந்தது. அது எட்டியிருக்கும். கோடு போட்டபோது எட்டியதுதானே. ஆனால் அந்த நேரம் பார்த்துக் காற்று கிளம்பியது. அட்டை லேசாக ஆடியது, பறந்தால் நேராகத் தண்ணீரில்தான் விழும். எனவே முதலில் அதைக் கவனிக்க வேண்டியிருந்தது. கையுறையைக் கழற்றினேன். விரல்களைத் துடைத்துக்கொண்டேன், ஈரம் ஆகாது. ஓரங்களை மட்டும் பிடித்து எடுத்து, உறையில் இட்டு, உறையைக் கெட்டியான பெட்டிக்குள் இட்டு, குளிர்ச்சட்டையின் உள்பையில் வைத்தேன். நிமிர்ந்து பார்த்தபோது ஏரி அமைதியாக இருந்தது. அதன் பிறகுதான் சாலைக்கு ஓடிப்போய் உதவி கேட்டேன். அந்தப் பகுதி நான் சொன்னபடியே உண்மை.

அந்த உறையில்தான் மாட்டிக்கொண்டேன். அந்தக் கால அட்டைகள் இப்போதையதைவிட அளவில் கொஞ்சம் வேறுபடும். இப்போதைய உறையில் போட்டால் உள்ளே நழுவி மூலை தேயும். எந்தக் கடையிலும் பழைய அளவு உறை சும்மா கிடைக்காது, சொல்லித்தான் வரவழைக்க வேண்டும். நண்பனுக்குக் குடில் இழுக்க உதவப் போனவன் கயிறு கொண்டுபோகவில்லை, சரியான அளவு உறை மட்டும் கொண்டுபோயிருக்கிறான் என்று சொன்னீர்கள். உங்கள் தம்பி அட்டை சேகரிப்பவர் என்று தெரிந்திருந்தால் வேறு மாதிரி செய்திருப்பேன். இல்லை, செய்திருக்கமாட்டேன். பொருத்தமில்லாத உறையில் எப்படிப் போடுவது?

ரெமியை நான் வெறுத்தேனா என்று கேட்டீர்கள். அவனை அல்ல. அறுபத்தாறு வயதில் பள்ளிக்கூடத்துச் சுவரை விட்டு நகராமல் நின்றானே, அதைத்தான் வெறுத்தேன். மனிதன் என்றால் வளர வேண்டாமா? இந்த ஊரில் அந்தச் சின்னப்பிள்ளை விளையாட்டை விட்டு வெளியே வந்தவன் நான் ஒருவன்தான். ரெமியைக் கொன்றேன், மேடம். திட்டம் போட்டுத்தான் கொன்றேன். கையெழுத்துப் போடுகிறேன், காகிதத்தை இப்படித் தள்ளுங்கள்.

ஒன்றே ஒன்றைத் திருத்திக்கொள்ளுங்கள். நான் அட்டையைத் திருடியதாக மேலே எழுதியிருக்கிறீர்கள். திருடவில்லை. அவன் உள்ளே போனபோது அட்டை நின்றுகொண்டுதான் இருந்தது. கோடு போடும் முறை என்னுடையது, எறியும் முறை அவனுடையது, அவன் எறியவில்லை. அந்தச் சுவரில் ஆடிய எந்தப் பையனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், நான் ஜெயித்தேன்.