நாகவேணி சிவப்பு

வெளியூர் போய்விட்டுத் திரும்பினால் நான் முதலில் அடுப்பு மேடையைத்தான் துடைப்பேன். பெட்டியைப் பிரிப்பது, அழுக்குத் துணியை ஊறவைப்பது எல்லாம் அப்புறம். ஆண்பிள்ளை தனியாக இருந்த வீட்டில் பால் பொங்கி வழிந்த கறையாவது இருக்கும். அதைத் தேய்த்து எடுத்து, ஒரு காபி போட்டுக் குடித்தால்தான் எனக்கு வீடு வந்து சேர்ந்த மாதிரி இருக்கும். இந்தக் கோடைக்கு என் தங்கையோடு பத்ரி, கேதார் எல்லாம் பார்த்துவிட்டு மே மாதக் கடைசியில் வந்தேன். மேடை பளிச்சென்று இருந்தது. துடைக்க ஒன்றுமே இல்லை. எங்கிருந்து ஆரம்பித்தது என்று கேட்டீர்களே, சார், யோசித்துப் பார்த்தால் அங்கிருந்துதான்.

என் வீட்டுக்காரர் சுப்ராய ஹெக்டேயை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பாக்குத் தோட்டத்துக்குத் தண்ணீர் விட ஆள் வேண்டும் என்று அவர் பயணத்துக்கு வரவில்லை. சாப்பாட்டையும் என் பூச்செடிகளையும் பார்த்துக்கொள்ளச் சொல்லி ஓடைக்கு அந்தப் பக்கத்து நேத்ராவதியிடம் நான்தான் கேட்டேன். அதை நான் மறைக்கவில்லை. அவள் புருஷன் கல்யாணச் சமையல்காரன், முகூர்த்த மாதங்களில் வீடு தங்க மாட்டான். குழந்தையும் கிடையாது. சும்மா இருக்கிறவள்தானே என்று நினைத்தேன்.

பலா அப்பளம் இட்டுக் காயவைத்து டின் டின்னாக அடுக்கியிருந்தாள். மாவடு ஊறிக்கொண்டிருந்தது. உப்பு ஜாடி வலது பக்கத்திலிருந்து இடது பக்கத்துக்கு வந்திருந்தது. இவர் முகத்தில் சதை போட்டிருந்தது. அன்றைக்கு மத்தியானம் நான் தம்புளி அரைத்து ஊற்றினேன். தழையை மோரில் அரைக்கிற சாதாரணச் சமாசாரம். தலையைத் தூக்காமலே சொன்னார்:

“நேத்ரா இதுல ரெண்டு மிளகு தட்டிப் போடுவா.”

“அப்போ இது நல்லா இல்லையா?”

“நல்லாத்தான் இருக்கு. இப்ப நான் என்ன சொல்லிட்டேன்?”

அவர் ஒன்றும் சொல்லவில்லை, சார். அது எனக்கும் தெரியும். ஆனாலும் அதற்கப்புறம் நான் பார்க்க ஆரம்பித்தேன். சீப்பில் நீளமான முடி இருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. தலையணையை முகர்ந்தேன். தேங்காய் எண்ணெய் வாசனை. எங்கள் ஊரில் எல்லாருக்கும் தேங்காய் எண்ணெய்தான். சாயங்காலம் நேத்ரா வந்தபோது கேதாரிலிருந்து கொண்டு வந்த பிரசாதத்தைக் கொடுத்தேன். கண்ணில் ஒற்றிக்கொண்டு, “நீங்க இல்லாம வீடே வெறிச்சுனு கிடந்துச்சு அண்ணி,” என்றாள். எந்த வீடு என்று கேட்க வாய் வரை வந்தது.

இனி என் டேலியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் மலைப் பக்கத்தில் மழைக்காலம் என்றால் டேலியாதான். செடியை யாரும் காசுக்கு வாங்குவதில்லை. ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும். எந்த வீட்டிலிருந்து வந்ததோ அந்த வீட்டுக்காரியின் பெயரில் அந்தப் பூவைச் சொல்வார்கள். என்னிடம் ஒரு அடர்ந்த சிவப்பு இருந்தது. பக்கத்து ஊர்களான சாகர், சிர்ஸி வரைக்கும் அதற்கு ‘நாகவேணி சிவப்பு’ என்றுதான் பெயர். எனக்கு மேடையேறிப் பாடத் தெரியாது, படிப்பும் இல்லை. என் பெயரை நாலு பேர் சொல்வது அந்தப் பூவால் மட்டும்தான்.

பனிக்காலத்தில் செடி காய்ந்துவிடும். கிழங்கு மண்ணுக்குள் தூங்கும். முதல் மழைக்கு முன்னால் தோண்டிப் பிரித்து நட வேண்டும். வந்த மூன்றாம் நாள் மாட்டுத் தொழுவத்தை ஒட்டிய பாத்தியைக் கொத்தினேன். ஒரு கிழங்குகூட இல்லை. மேல் மண்ணை யாரோ நேர்த்தியாக நிரவிவிட்டிருந்தார்கள். வழித்துக்கொண்டு போனவர்கள் இவ்வளவு அழகாக மூடுவார்களா என்று தோன்றியது.

ஒன்று எடுத்திருந்தால் நான் மனதில் வைத்துக்கொள்ளவே மாட்டேன். கேட்காமல் எடுத்த செடிதான் வேர் பிடிக்கும் என்று எங்கள் பெண்களுக்கு ஒரு நம்பிக்கை. எடுத்தவள் அது பூக்கும் வரை வாயைத் திறக்கக் கூடாது. கேட்டாலும் தெரியாது என்றுதான் சொல்ல வேண்டும். பூத்ததும் முதல் பூவைக் கொண்டுவந்து உடையவள் வீட்டுச் சாமிக்கு வைப்பாள், இருவரும் சிரித்துக்கொள்வோம். நானே எத்தனையோ வீட்டில் முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறேன். ஆனால் பாத்தி முழுவதையும் எடுப்பது வழக்கம் இல்லை.

நேத்ராவிடம் கேட்டேன். “கிழங்கா? எனக்கென்ன தெரியும் அண்ணி,” என்று சிரித்தாள். வழக்கப்படி சொல்கிற பதில்தான். ஆனால் சிரித்துவிட்டு இவரைப் பார்த்தாள். இவர் வெற்றிலைப் பெட்டிக்குள் எதையோ தேடினார்.

“மண்ணுக்குள்ள இருக்கறதை நான் எங்க கண்டேன்?” என்றார். நான் அவரிடம் கேட்கவே இல்லை, சார்.

அன்றைக்கே எனக்கு விஷயம் விளங்கிவிட்டது. என் உப்பு ஜாடியை நகர்த்தியாகிவிட்டது, என் புருஷன் நாக்கை மாற்றியாகிவிட்டது. மழை முடிகிறபோது அந்தப் பூவுக்கு ‘நேத்ரா சிவப்பு’ என்று பெயர் ஆகியிருக்கும். அப்புறம் இந்த வீட்டில் நான் யார்? வயிற்றெரிச்சல் என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள். எனக்கு அது பயமாகத்தான் இருந்தது.

ஜூன் இரண்டாம் வாரம் மழை பிடித்தது. எங்கள் வீட்டுக்கும் அவள் வீட்டுக்கும் நடுவே ஓடைமேல் பாக்குமரத்தைப் போட்டுக் கட்டிய நடைபாலம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது எங்கள் பொறுப்பு. நடுமரம் உளுத்துவிட்டது, மழை விட்டதும் மாற்ற வேண்டும் என்று சொல்லி, இவர் இரண்டு கரையிலும் குறுக்கே முள் கொம்பை வெட்டிப் போட்டார். முள் கிடந்தால் எங்கள் ஊரில் சின்னக் குழந்தைகூடக் கால் வைக்காது. நேத்ரா அப்போது தாய் வீட்டுக்குப் போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்த நாள் காலையில் அந்த முள் கொம்பை எடுத்துப் போட்டேன். வழியில் கிடப்பதை ஓரமாக எடுத்துப் போடுவது எனக்குப் பழக்கம். அந்தக் கரையிலும் ஒன்று கிடந்தது. சாலை வழியாகச் சுற்றிப் போய் அதையும் எடுத்தேன். நல்ல மழை, போய்வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது.

அப்புறம் வந்து சேம்பிலையில் மாவு தடவிச் சுருட்டி பத்ரொடே வேகவைத்தேன். அவளுக்கு அது ரொம்பப் பிடிக்கும். குடையைப் பிடித்துக்கொண்டு கரையில் நின்று குரல் கொடுத்தேன்.

“நேத்ரா, பத்ரொடே பண்ணிருக்கேன். சூடு ஆறறதுக்குள்ள வா.”

“இதோ வந்துட்டேன் அண்ணி. நானும் உங்களுக்கு ஒண்ணு கொண்டு வரேன்.”

சறுக்கினால் சேலை நனையும், ஊர் சிரிக்கும், அவ்வளவுதான் என்று நினைத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். போன வருஷம் அதே ஓடை ஒரு கன்றுக்குட்டியை அடித்துக்கொண்டு போனதும் எனக்குத் தெரியும். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டு கையாலும் ஒரு பழைய எண்ணெய் டின்னைப் பிடித்துக்கொண்டு வந்தாள். அதனால் பக்கக் கயிற்றைப் பிடிக்கவில்லை. நடுமரம் சத்தமில்லாமல் உள்வாங்கியது. தண்ணீர் அவளை என் பக்கத்துக் கரைக்குத்தான் தள்ளிக்கொண்டு வந்தது. தாழம்புதரின் வேர் ஒன்று ஒரு கைக்குக் கிடைத்தது. முதலில் அந்த டின்னைத்தான் கரையில் ஏற்றி வைத்தாள். உள்ளே டேலியா முளைத்திருந்தது, நாலு இலை.

“அண்ணி, கை குடுங்க.”

“இது எங்க பாத்தியோடதுதானே?”

“ஆமா அண்ணி. ஒண்ணே ஒண்ணுதான் எடுத்தேன். மத்ததெல்லாம் முள்ளம்பன்றி தின்னுட்டுப் போயிடுச்சு. வேலி கட்டாம விட்டது தெரிஞ்சா நீங்க திட்டுவீங்கன்னு அண்ணா சொல்ல வேணாம்னாரு. நான்தான் மண்ணை மூடினேன். மிஞ்சினது இது மட்டும்தான், உங்ககிட்டயே குடுத்துடலாம்னு… கை குடுங்க அண்ணி.”

கேட்காமல் எடுத்த செடியைத் திருப்பிக் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது. கொடுத்தால் இரண்டு வீட்டிலும் அது பட்டுப்போகும் என்பார்கள். அதனால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. குனிந்து கை நீட்டினால் எட்டுகிற தூரம்தான். “இரு, வரேன்,” என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன்.

இவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். பாத்திக்கு முள்ளம்பன்றி வந்ததா என்று கேட்டேன்.

“யார் சொன்னா?”

“வந்துச்சா, இல்லையா?”

“வந்துச்சு. மறுநாளே வேலி கட்டலாம்னுதான் இருந்தேன், நாகு. நீ வந்ததும் வராததுமா எதுக்குச் சொல்லணும்னு…”

அப்படியானால் வந்த அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டாமா என்று இரண்டு வார்த்தை கேட்டேன். அவர் பேச்சை மாற்றக் காபி கேட்டார். பால் அடுப்பிலேயே இருந்தது, கலந்து கொடுத்துவிட்டுக் குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

கரையில் டின் இருந்தது, அவள் இல்லை. அவள் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை, சார், அதை நானே உங்களிடம் சொல்கிறேன். கை கொடுக்கக் கூடாது என்று நான் ஒருபோதும் நினைக்கவில்லை. பொய் சொல்கிறவளுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்றுதான் கேட்டுவரப் போனேன். உண்மை சொன்னவள்தானே, கொஞ்சம் பொறுத்திருக்கலாம்.