ஆகாயத்தில் பேசிய பாதிக் கடை

ஐயா, நான் எந்தப் பொருளையும் சொன்ன விலைக்கு வாங்கியவன் இல்லை. ஒருமுறை பல்வலி என்று போனபோது, ஒரு பல்லைப் பிடுங்க மருத்துவர் கேட்ட தொகைக்கு இரண்டாகப் பிடுங்கச் சொல்லிப் பேசி முடித்தேன். இரண்டாவது நல்ல பல்தான். ஆனாலும் படிந்து வந்த விலையை விட மனசு வரவில்லை.

இதைச் சொல்லக் காரணம், நீங்கள் என்னை முரடன் என்று நினைத்துவிடக் கூடாது. எனக்கு யார்மேலும் கோபம் கிடையாது. என்மேல் யாரும் புகாரும் கொடுக்கவில்லை. நானாகத்தான் ஸ்டேஷனுக்கு நடந்து வந்திருக்கிறேன். என் கடையில் சரிபாதி கைநழுவிப் போகிற நிலையில் இருக்கிறது. நான் சொல்வதை நீங்கள் எழுதிக்கொண்டால்தான் அது என்னிடம் தங்கும். அதனால் கொஞ்சம் தெளிவாக எழுதுங்கள்.

என் வியாபாரம் குளியலறைச் சாமான்கள். டைல்ஸ், குழாய், தொட்டி. என் மனைவியின் தம்பி மீசை முளைப்பதற்கு முன்பிருந்தே கடையில் இருக்கிறான். ஓட்டைக் குழாயைக்கூட, "இது தானா தண்ணி விடும், திருகவே வேணாம்" என்று விற்றுவிடுவான். அவ்வளவும் நான் கற்றுக்கொடுத்தது.

என்னிடம் ஒரு விமானமும் இருக்கிறது. அது வந்தது ஒரு கண் மருத்துவரிடமிருந்து. அவர் புதிதாகக் கட்டிய வீட்டின் குளியலறைகள் அத்தனைக்கும் ஈடாக, தம்முடைய இரண்டு பேர் உட்காரும் சின்ன விமானத்தைக் கொடுத்தார். சாவியைக் கொடுத்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டார். ஒரு மனிதன் விமானத்தைக் கொடுத்துவிட்டு ஏன் அவ்வளவு சந்தோஷப்படுகிறான் என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

பறக்கக் கற்றுக்கொள்வது சுலபம் ஐயா. நிறுத்தி வைப்பதுதான் கஷ்டம். கொட்டகைக்கு வாடகை. பறந்தாலும் பறக்காவிட்டாலும் வருடாவருடம் இயந்திரத்தைப் பிரித்துக் காட்ட வேண்டும். பிறகு என்னையும் கிட்டத்தட்ட பிரித்துக் காட்ட வேண்டும்: கண், காது, இதயம். விமானம் எங்கே இருக்கிறது என்று ஊருக்கெல்லாம் சொல்லும் கருவி ஒன்றை மாட்டச் சொன்னார்கள். எனக்கே தெரியும் அது எங்கே இருக்கிறது என்று, கொட்டகையில் இருக்கிறது, பெட்ரோல் போடக் கட்டுபடியாகவில்லை என்றேன். அதற்கும் கருவி வேண்டுமாம். கடைசியில் சத்தத்துக்கு ஒரு கட்டணம் வந்தது. என் வீட்டில் வராத சத்தமா என்று கேட்டுப் பார்த்தேன்.

இதையெல்லாம் வசூலிக்க, விமானம் இறங்கும் மைதானத்தின் அலுவலகத்தில் ஓர் அம்மாள் இருக்கிறார். நான் என் வாழ்க்கையில் பயப்பட்ட ஒரே மனிதப் பிறவி. பேரமே பேச மாட்டார்.

"கொஞ்சம் பாத்துப் போட்டுக்குங்க மேடம்."

"பாத்துத்தான் போட்டிருக்கு."

"ரெண்டு வருஷத்துக்குச் சேத்துக் கட்டினா?"

"ரெண்டு வருஷத்துக்குக் கட்டின மாதிரி."

எழுந்து வாசல் வரைக்கும் போனேன். எந்த வியாபாரியும் அந்த இடத்தில் திரும்பக் கூப்பிடுவான். அந்த அம்மாள் மின்விசிறியை அணைத்தார்.

ஆனால் ஒரு சலுகையைச் சொன்னார். பாராசூட்டில் குதிக்கும் பயிற்சிக்குப் பயன்படும் விமானங்களுக்கு எல்லாக் கட்டணமும் பாதிதான். வருடத்துக்கு ஒருவராவது குதித்திருக்க வேண்டும். மைதானத்தில் சுண்ணாம்பால் போட்ட வட்டத்துக்குள் இறங்கி, அவர் மேஜைக்கு நடந்து வந்து, குதித்தது நான்தான் என்று சொல்ல வேண்டும். அந்த வருடம் முடிய அப்போது ஒரு வாரம்கூட இல்லை.

யாரைக் குதிக்கச் சொல்வது என்று நான் ரொம்ப யோசிக்கவில்லை. விமானத்தை ஓட்ட நான் வேண்டும். வீட்டைப் பார்க்க மனைவி வேண்டும். மச்சினனும் வேண்டியவன்தான். ஆனால் அவனை விட்டால் வேறு ஆள் இல்லை.

பாராசூட் விற்றவன் முதுகுக்கு ஒன்று, அது விரியாவிட்டால் மார்புக்கு இன்னொன்று என்று ஜோடியாகத்தான் தருவேன் என்றான். முதலாவது விரிந்தால் இரண்டாவது வீண். விரியாவிட்டால் முதலாவது வீண். எப்படிப் பார்த்தாலும் ஒன்றுக்குக் கொடுக்கிற காசு தண்டம். ஒன்றைப் பிரித்து வாங்கி வந்தேன். பயிற்சியையும் நானே கொடுத்தேன். கடையில் இருக்கும் பெரிய ஏணியிலிருந்து குளியல் தொட்டிக்குள் குதிக்கவைத்தேன். அவன் நன்றாகவே குதித்தான். தொட்டியில்தான் விரிசல். அதை அன்றைக்கே விற்றுவிட்டான்.

வருடத்தின் கடைசி நாள் கிளம்பினோம். அவன் பக்கத்துக் கதவைக் கழற்றியிருந்தேன். பாராசூட்டை இழுத்து விரிக்கும் கயிற்றின் நுனியை இருக்கைக்குக் கீழே நன்றாகக் கட்டியிருந்தேன். அவன் விழுந்தால் போதும், தானாக விரியும். இதைக் குறித்துக்கொள்ளுங்கள் ஐயா. நான் அக்கறையில்லாதவன் இல்லை.

மேலே போனதும் அவன் கீழே எட்டிப் பார்த்தான்.

"அத்தான், வேணாம். இறக்கிடுங்க."

"இறங்கத்தானே மச்சான் வந்திருக்கோம். நீ முன்னாடி, நான் பின்னாடி."

அவன் பெல்ட்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். பிறகு, "சம்பளம் ஏத்துவீங்களா?" என்றான்.

"ஏத்தறேன்."

"அது நான் தரையில இருந்தாலே ஏத்த வேண்டியது. குதிக்கறதுக்குத் தனியா என்ன?"

எனக்குப் பெருமையாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். மாடியறையைத் தருகிறேன் என்றேன். அதில் இப்போதே நான்தானே படுக்கிறேன் என்றான். கடையின் வண்டியைத் தருகிறேன் என்றேன். அதைத் தள்ளுகிறதே நான்தான் என்றான். நான் வட்டத்துக்கு மேலே சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பெட்ரோல் எரிகிறது. அது தெரிந்துதான் அவன் நிதானமாகப் பேசினான்.

"பாதிக் கடை," என்றான் கடைசியில்.

"எந்தப் பாதி?" இது பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது. கேட்டிருக்கக் கூடாது.

"எல்லாத்துலயும் பாதி."

"கால் பங்கு. அக்கா புருஷன்னு பாத்துச் சொல்லு."

"அத்தான், பெட்ரோல் முள்ளைப் பாருங்க."

பார்த்தேன். "சரி, பாதி," என்றேன்.

"கை குடுங்க."

எங்கள் கடைத்தெருவில் வாயால் சொன்னது வெறும் பேச்சு. கை கொடுத்தால் முடிந்தது. கை கொடுத்துவிட்டு மாறினால் மறுநாள் ஒருவனும் சரக்குத் தர மாட்டான். என் அப்பா கை கொடுத்துவிட்டார் என்பதற்காக, ஒரு லாரி நிறைய இடது காலுக்கான செருப்பை மட்டும் வாங்கினார். எங்கள் குடும்பத்தில் கை கொடுத்து மாறியவர்கள் கிடையாது.

இவ்வளவு பெரிய பேச்சை இடுப்பில் பெல்ட்டோடு உட்கார்ந்தபடி முடிப்பது மரியாதையில்லை என்றேன். அவனும் அது நியாயம்தான் என்று பெல்ட்டைக் கழற்றிவிட்டு என் பக்கம் திரும்பி உட்கார்ந்து கையை நீட்டினான்.

அதற்குப் பிறகு அவன் விமானத்தில் இல்லை.

பாராசூட் அருமையாக விரிந்தது. ஆனால் காற்று அவனை வட்டத்துக்குள் விடவில்லை. எதிரிக் கடைக்காரன் நடுத்தெருவில் ஒரு பெரிய விளம்பரப் பலகை வைத்திருக்கிறான், தெரியுமா? அதில் வரைந்திருக்கும் ஷவருக்குக் கீழே மச்சினன் போய்த் தொங்கினான். தீயணைப்பு வண்டி வரும்வரை ஊரே நின்று படம் எடுத்தது. எத்தனை செலவழித்தாலும் கிடைக்காத விளம்பரம். அதை நினைத்தால்தான் எனக்கு இன்னும் தூக்கம் வருவதில்லை. அவனுக்குக் காலில் ஒரே ஒரு முறிவுதான். மைதானத்து அம்மாள், "வட்டத்துக்கு வெளியே" என்று இரண்டே வார்த்தையில் முடித்தார். முழுக் கட்டணம்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டு மச்சினன் எல்லோரிடமும் ஒன்றையே சொன்னான். "நானாத்தான் குதிச்சேன். அத்தான் மேல தப்பே இல்ல." என் மனைவி அழுதாள். என்னைப் பார்த்து அவன் லேசாகக் கண்ணடித்தான். அப்போதுதான் எனக்குப் பாதிக் கடை ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்ததும் மனைவி, "என்னங்க, பாதிக் கடைன்னு பேசினீங்களாமே?" என்றாள்.

"பேசினேன். கை கொடுக்கல."

"அவன் நீட்டினானாமே?"

"நீட்டினான்."

"நீங்க?"

"நானும் நீட்டினேன்."

"அப்ப உங்க கை எங்கதான் போச்சு?"

நான் கையைச் சட்டைப் பையில் விட்டுக்கொண்டேன். அவள் நேராக வியாபாரிகள் சங்கத் தலைவரிடம் போனாள். அவர் தீர விசாரித்துவிட்டுச் சொன்னார்: "கை கொடுக்கலைன்னாலும் பரவாயில்லை. குதிக்கறேன்னான், குதிச்சிட்டான். வேலையை முடிச்சவனுக்குப் பேசினதைக் குடுத்துத்தான் ஆகணும்." நாளைக் காலையில் என் கடைப் பலகையில் அவன் பெயரையும் எழுத ஆள் வருகிறான்.

அதனால்தான் வந்தேன் ஐயா. அவன் சொல்வது பொய். அவன் குதிக்கவில்லை. அவன் கையை நீட்டினான், நான் என் கையை அவன் மார்பில் வைத்துத் தள்ளினேன். தெரிந்துதான் தள்ளினேன். கை கொடுத்திருந்தால் என் சொல்லுக்குக் கட்டுப்பட்டுப் பாதிக் கடையைக் கொடுத்திருப்பேன். கொடுத்த வாக்கை மீறுகிற ஆள் நான் இல்லை. அதனால்தான் கொடுப்பதற்கு முன்பே தள்ளினேன். குதித்தது அவன் இல்லை என்றால் பேச்சும் இல்லை, பங்கும் இல்லை. முத்திரை போட்டு ஒரு பிரதி கொடுத்தால் சங்கத்தில் காட்டிக்கொள்வேன்.

எத்தனை வருடம் என்கிறீர்கள்? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள். சரி, அதுவும் சொன்ன விலைதானா. இருக்கட்டும். கடை முழுசாக என் பெயரில் இருக்கும் அல்லவா, அது போதும்.

நான் உள்ளே இருக்கும்வரை கடையை யார் பார்ப்பார்கள் என்றா கேட்கிறீர்கள்? அதில் எனக்குக் கவலையே இல்லை ஐயா. மச்சினன் இருக்கிறான்.