முழங்காலுக்கு மேல ஒரு பிளக் பாயிண்ட்

ஹலோ... நைஜல்? நான்தான், உன் அக்கா... ஆமா, ஹேசல்தான். உனக்கு எத்தனை அக்கா?... எங்கேருந்தா? உன் தோட்டத்துல எனக்குன்னு ஒரு அரண்மனை கட்டிக் குடுத்திருக்கியே, அங்கேருந்துதான்... என்ன சத்தம் அங்க? விருந்தாளிங்க வந்தாச்சா?... ஓ, மாட்டுக்கறி ரோஸ்ட்டா. நல்லது, நல்லது...

இல்ல, நான் சாப்பாட்டுக்காகக் கூப்பிடல... கேளு... கேளுடா! கட்டின லட்சணத்தப் பாக்க கவுன்சில்லேருந்து அந்த இன்ஸ்பெக்டர் வந்தாரே, என்ன சொல்லிட்டுப் போனாரு?... ஆமா... ஆமா, ஆமா, எல்லாம் சரியா இருக்குன்னாரு. பிளக் பாயிண்ட்டப் பத்தி?... திரும்பச் சொல்லு, காதுக்குக் குளிர்ச்சியா இருக்கு... புதுசா கட்டுற வீட்டுக்குத்தான் முழங்காலுக்கு மேல வைக்கணும்னு சட்டம், தோட்டத்து ஷெட்டுக்கு அது கிடையாது. பிரமாதம்! அப்ப நான் யாரு, நைஜல்? ஷெட்டுல போட்டு வைக்கிற புல்லு வெட்டுற மெஷினா?...

கோவம்லாம் இல்ல. சிரிக்கிறேன். அந்தச் சட்டத்த யாருக்காகப் போட்டாங்கன்னு ஒரு தடவையாவது யோசிச்சியா? குனிய முடியாதவங்களுக்காக. சக்கர நாற்காலில உக்காந்திருக்கிறவங்களுக்காக. அப்படி யாராவது உனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களா?...

ஆங், வந்துட்டாளா லொரைன்! உன் பொண்டாட்டி பேரு வராம உனக்கு ஒரு பேச்சு உண்டா?... தெரியும், தெரியும். பிளக்க மேல வச்சா சுவத்து நடுவுல மரு மாதிரி இருக்கும்னு சொன்னா. பூச்சு வேலைக்கு முன்னாடியே நான் கைய நீட்டிக் காட்டினேன், இங்க வைடான்னு. நல்லாத் தலைய ஆட்டின. அப்புறம் தரையோட தரையா வச்சிருக்க, எலி வந்து செருகிக்கிறதுக்கு...

கஷ்டப்பட்டுத்தான் கட்டின. யாரு இல்லேன்னா? நானும் பார்ன்ஸ்லி ஊர்ல இருந்த சொந்த வீட்ட வித்துட்டுத்தான் வந்தேன். "எதுக்கு ஹேசல் அங்க தனியா கிடக்கிற, எங்ககூட வந்திரு"ன்ன. வந்துட்டேன். இங்கயும் கிடக்கத்தான் கிடக்கிறேன்.

எங்கயா? தரைல.

...ஆமா. தரைல. கெட்டில் பிளக்கச் செருகலாம்னு குனிஞ்சேன். நாற்காலி பின்னால போச்சு, நான் முன்னால வந்துட்டேன்... இல்ல, எதுவும் உடையல. முழங்கைல தோல் உரிஞ்சிருக்கு... கால்ல வலியா? அந்த ஆக்ஸிடெண்ட்டுக்கு அப்புறம் என் கால்ல எப்படா வலி தெரிஞ்சிருக்கு?... சுடுதண்ணிலாம் கொட்டல. எங்க, கொதிக்க வச்சாத்தான...

முதல்லயே ஏன் சொல்லலயா? சட்டம் தெரிஞ்ச தம்பியாச்சே, விழுந்தது சட்டப்படி சரியான்னு கேட்டுக்கலாம்னுதான்... கத்தாத... ஏய், கத்தாத, எல்லாருக்கும் கேக்கப்போகுது... வேணாம்! லொரைன அனுப்பாத. யாரும் வேணாம், நீ மட்டும் வா. இந்தக் கோலத்துல என்னய நாலு பேரு பாக்க வேணாம், நைஜல்... கதவு திறந்துதான் இருக்கு...

நாளைக்கே எலக்ட்ரீஷியனக் கூப்பிடுறியா? சரி, கூப்பிடு. எந்த உயரம்னு நான் காட்டுறேன் அவருக்கு. நீயும் உன் பொண்டாட்டியும் வேலை முடியிற வரைக்கும் வெளிய நில்லுங்க, போதும்... ஆமா... ஆமா, மரு மாதிரிதான் இருக்கும். இருக்கட்டும். சுவரு முழுக்க மருவா இருக்கட்டும்...

என்ன, மூச்சு வாங்குது? ஓடியா வர்ற?... மெதுவாடா, புல்லெல்லாம் ஈரமா இருக்கு. நீயும் விழுந்து வைக்காத...

தெரியுது, தெரியுது, கதவுக் கண்ணாடில உன் மூஞ்சி தெரியுது. தள்ளு கதவ... ம்... என்ன வாசல்லயே நிக்கிற?... நைஜல்... டேய், இப்ப எதுக்கு அழற?... சரி... சரிடா. முதல்ல அந்தப் போனக் கீழ வை. என்னத் தூக்க உனக்கு ரெண்டு கையும் வேணும்.