இருப்பவருக்கு வாசித்த இரங்கல்

நம் தெருக்குடும்பக் குழுக்களான அன்பியங்களின் ஆண்டுவிழாவுக்குத் தலைமையேற்றிருக்கும் பங்குத்தந்தை அவர்களே, பெருமுக்கல் மலையடியிலிருந்து வெயில் தாங்கி வந்திருக்கும் பெரியோர்களே, உலையை இறக்கி வைத்துவிட்டு வந்து, இவன் எப்போது முடிப்பான் என்று என்னையே பார்த்துக்கொண்டிருக்கும் தாய்மார்களே, மேடை போட்டுக் கொடுத்த அண்ணன் சீனுவாசன் அவர்களே! இந்தப் பங்கின் உபதேசியார் அந்தோணி பிரபுவின் பணிவான வணக்கம்.

'அன்றாட வாழ்வில் நம்பிக்கை' என்று தலைப்புத் தந்திருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. முகம் சுளிக்காதீர்கள் அம்மா, முழுதும் கேளுங்கள்.

நாம் நாள்தோறும் செபத்தில் கேட்பது என்ன? இன்றைய உணவு. இன்றைய உணவு மட்டும்! பத்தாண்டுக்கான படியரிசியைக் கேட்டோமா? பேரன் காலத்துக்கும் சேர்த்துப் பெருமூட்டை கேட்டோமா? இல்லையே! ஆனால் செபம் முடிந்து செருப்பை மாட்டியதும், அடுத்தவர் ஆயுளை அளக்க ஆரம்பித்துவிடுகிறோமே, அது என்ன பழக்கம்?

நம் ஊர் ஆரோக்கியராஜ், டிராக்டர் ஓட்டியவர். சிறுநீரகம் இரண்டும் செயலிழந்து, வாரத்துக்கு மூன்று நாள் திண்டிவனத்தில் பஸ் ஏறி, டயாலிசிஸ் செய்ய விழுப்புரம் போகிறார். மனைவி சவுரியம்மாள் கடலைக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கும் வேலையை விட்டுவிட்டுக் கூடப் போகிறார். களைத்துப் படுத்திருந்தவரைப் பார்க்கப் போனீர்களே, என்ன கேட்டீர்கள்? டாக்டர் எத்தனை வருஷம் சொன்னார் என்று கேட்டீர்கள். சாத்துக்குடியும் வாழைப்பழமும் வாங்கிப் போனீர்கள். அவற்றை அவர் தொடக்கூடாது என்பதையாவது கேட்டுத் தெரிந்துகொண்டீர்களா?

பின்வரிசையில் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். உங்கள் எல்லோரையும்விடப் பெரிய குற்றவாளி இந்த மேடையில்தான் நிற்கிறான்.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, மறுநாள் பூசையில் கணவர் பெயரை வாசிக்கச் சொல்லி சவுரியம்மாள் வந்தார். யாருக்காகப் பூசை என்று எழுதும் நம் கருத்து நோட்டில் நன்றிக்கு ஒரு பக்கம், இறந்தவர்களுக்கு ஒரு பக்கம். அவர் முகமோ வாடியிருந்தது. ஊர்ப்பேச்சோ என் காதை நிறைத்திருந்தது. ஒரு வார்த்தை கேட்காமல், இறந்தவர்கள் பக்கத்தில் எழுதிவிட்டேன். ஞாயிறு காலை உருக்கமாக, மறைந்த ஆரோக்கியராஜின் ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று மைக்கில் வாசித்தேன். கோயிலே விசும்பியது. பெண்கள் பக்கத்திலிருந்து சவுரியம்மாள் எழுந்தார்.

"உபதேசியாரே, அவரு பின்னாடி நாற்காலில குந்திக்கினு கீறாரு. இன்னிக்கு இருக்காரு. அதுக்குத்தான் நன்றி சொல்லச் சொன்னேன்."

நிமிர்ந்து பார்த்தேன். இறந்தவர் பெயர் கேட்டதும் கை உயரும் பழக்கத்தில், ஆரோக்கியராஜ் தனக்கே சிலுவை போட்டு முடித்திருந்தார்.

பூசை முடிந்ததும் மன்னிப்புக் கேட்டேன். நீண்ட ஆயுளுக்கு ஒரு பூசை எழுதிக்கொள்ளட்டுமா என்றேன். சவுரியம்மாள் தலையசைத்து மறுத்தார்.

"நாளையத நாளைக்கு வந்து சொல்றேங்க."

நம்பிக்கை என்பது எது? நாம் வாரி இறைக்கும் ஆறுதல் வார்த்தையா? நாலு பேர் நடுவில் நாம் விடும் பெருமூச்சா? நாளை உண்டா என்று தெரியாமலே இன்று விடியலில் எழுகிறாரே அந்தத் தாய், அதுதான் நம்பிக்கை! தள்ளாடும் மனிதரைத் தாங்கிப் பஸ்ஸில் ஏற்றுகிறாரே, அதுதான் நம்பிக்கை!

நாளை அவருக்கு டயாலிசிஸ். அவர் தெருப் பெண்கள் மல்லாட்டை பிடுங்கப் போவதும் நாளைதான். சவுரியம்மாள் வேலைக்குப் போகட்டும். ஆறு மணி பஸ்ஸில் ஆரோக்கியராஜோடு யார் போவது?

என்ன, பார்வையெல்லாம் தரைக்குப் போய்விட்டது? ஆறுதல் சொல்ல அத்தனை பேர் போனீர்களே!

சரி. கைதட்டவும் வேண்டாம், கைதூக்கவும் வேண்டாம். நாளை நான் போகிறேன். அடுத்த முறைக்கு யார் என்று, நாளை மாலையே வீடு வீடாக வந்து கதவைத் தட்டுவேன். உள்ளே இருந்துகொண்டு இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

என் கோபத்தையும் பொறுத்துக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. விடியற்காலையில் பஸ் பிடிக்க வேண்டும், விடைபெறுகிறேன். வணக்கம்.