பத்தரை மணி வெடி

முதலியார்பேட்டை போகும் டவுன் பஸ். முன்சீட்டில் விமான நிலையச் சீருடையில் ஒருவர், பக்கத்தில் அவர் மனைவியின் அண்ணன். விமானம் இறங்குமுன் வெடி போட்டு ஓடுபாதையில் குருவி விரட்டுவது சீருடைக்காரரின் வேலை போலிருக்கிறது.

“இன்னிக்கும் பத்தரைக்கு வெடி போட்டேன் மச்சான்.”

“எந்த பிளேனுக்கு மாப்ள? இங்க வந்துனு இருந்த ஒரே கம்பெனியும் திவாலாயிடுச்சே!”

“கைப்பழக்கம். போட்ட பிறகுதான் ஞாபகம் வந்துச்சு.”

“குருவிங்க?”

“ஒண்ணுகூட எழுந்திரிக்கல. நடு ஓடுபாதையில உக்காந்துனு என்னையே பாக்குது. இனிமே பிளேன் வராதுன்னு அதுங்களுக்கே தெரிஞ்சுபோச்சு.”

“உங்க வேலை?”

“மாசக் கடைசியோட நின்னுக்கச் சொல்லிட்டாங்க.”

“தங்கச்சிகிட்ட சொல்லிட்டீங்களா?”



“அதுக்குத்தான் மச்சான் உங்கள வூட்டுக்கு இட்டுனு போறேன்.”